இரண்டாம் பாகம் மட்டும்தான் இருக்கிறது

நூலகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து புத்தகம் படிக்கலாமே என்று சொல்லாத ஓர் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லை, நாங்கள் புத்தகம் படிப்பதில்லை. திகதி முத்திரை குத்துகிறோம், பூஞ்சணம் பிடித்த அட்டைகளைத் துடைக்கிறோம், "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போடுகிறோம். இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கத்து மழைக்கு வருடத்தில் பாதி நாள் புத்தகங்களைக் காயப்போடுவதிலேயே போய்விடும்.

பதினேழு வருடமாக இரவல் பகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு காலத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் வாசித்த புத்தகங்களை எண்ண இரண்டு கை போதும். அவற்றில் ஒன்று என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் ஆயுளைக் கழிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பிஸ்கட் பெட்டி

நானுஓயாவில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் சின்ன விடுதி நடத்துகிற ஒருவர், விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் கட்டி எங்களுக்கு அனுப்பியிருந்தார். தானமாகப் பெட்டி வருகிறது என்றாலே குப்பைக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வோம். பாதி ஜெர்மன் மொழியில் இருக்கும், மீதியில் முன்பக்கம் இருக்காது. இந்தப் பெட்டியில் தேறியது ஒன்றே ஒன்று. கறுப்பு அட்டை, அட்டையில் ஒரு கோபுரம், கோபுரத்து உச்சியில் கண் இல்லாத ஓர் ஆந்தை. அறுநூறு பக்கம். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் "பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்" என்று வரும்.

பின்னட்டையைப் பார்த்த பிறகுதான் அது ஒரு மந்திரக் கதையின் இரண்டாம் பாகம் என்று விளங்கியது. உடனே விடுதிக்காரருக்குப் போன் போட்டு, முதலாம் பாகம் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். அவர் தேடப் போகவே இல்லை. "மொதலாம் பாகத்தப் படிச்சிட்டுத்தான் மிஸ், ரெண்டாம் பாகம் வேணாம்னு இங்க வச்சிட்டுப் போயிருப்பாங்க" என்றார்.

378

எங்கள் இரவல் பகுதியில் என்னோடு வேலை செய்பவர் குணபால. சிங்களவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்னைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசுவார். நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை நங்கி என்பார். அண்ணன் தங்கை முறை. சண்டையும் அந்த முறைப்படிதான். புத்தகங்களுக்கு எண் போட்டு லேபல் ஒட்டுவது அவருடைய ராஜ்ஜியம், அதில் யாரும் தலையிட முடியாது.

கோயில் தேருக்கு நான் ஒரு கிழமை லீவில் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் அந்தப் புத்தகத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு 378 என்று எண் போட்டார். நூலகக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 378 என்றால் உயர்கல்வி. ஆங்கில நாவல் 823-இல் போக வேண்டும். ஆந்தை உட்கார்ந்த கோபுரம் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கான தட்டில், பழைய வினாத்தாள்களுக்கும் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. மூன்று கிழமை கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. எண்ணை மாற்றுங்கள் என்று சொல்லி நின்றேன். அவர் பின்னட்டையிலிருந்த திகதித் தாளை விரித்துக் காட்டினார். "நங்கி, கதைத் தட்டில உள்ள இங்கிலிஷ் புத்தகத்த ரெண்டு வருஷமா யாரும் தொடல. இங்க வச்சதுக்கு மூணு கிழமையில நாலு பேர் கொண்டுபோயிருக்காங்க. நான் பிழையாத்தான் வச்சேன், ஆனா சரியாத்தான் போகுது" என்றார்.

பிணைக்கு ஆள்

அந்த நாலு பேரில் ஒருத்தி தர்ஷினி. நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். எங்கள் நூலகத்தில் அங்கத்தவராக வேண்டுமானால் நகரத்தில் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் பிணைக்கையெழுத்துப் போட வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு வீடும் சொந்தமில்லை, வரியும் இல்லை. நாலு தலைமுறையாக அதே காம்பராவில், அந்த ஒற்றை அறையில் இருந்தாலும், எங்கள் படிவத்தின்படி அவர்கள் எங்கேயும் இல்லை. இந்த விதியை எழுதிய புண்ணியவானை நான் பதினேழு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல வேளையாக, பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் கதிரேசன் முதலாளி யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடுவார். தர்ஷினிக்கும் அவர்தான் பிணை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தட்டு மாறிவிட்டது, மன்னித்துக்கொள் என்றேன். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் வைக்க மனம் வரவில்லை என்றாள். இன்னும் இரண்டு கிழமைக்குத் திகதி போட்டுக்கொண்டாள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மூன்று தீபாவளியாக வீட்டுக்கு வரவில்லை. இதையெல்லாம் முத்திரை காய்வதற்குள் சொல்லி முடித்தாள். பல்கலைக்கழகத்துக்கு எங்கள் பேச்சில் கெம்பஸ்; கெம்பஸ் கிடைக்குமா என்று கேட்டேன். "கெடைக்கும் மிஸ், அதுல சந்தேகமில்ல. அம்மா விடுவாங்களாங்கிறதுதான் தெரியல" என்றாள்.

நானும் மாட்டினேன்

இளம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காகத்தான் அடுத்த முறை புத்தகம் திரும்பி வந்ததும் நான் எடுத்துப் புரட்டினேன். இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டு வைத்துவிடுவதாக எண்ணம். கடலுக்கு நடுவில் ஒரு பாறை. பாறை மேல் ஒரு பல்கலைக்கழகம். அங்கே சொல்லிக்கொடுப்பது மந்திரம். கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மந்திரம் பலிக்கும்போதும், மாணவர் தன் ஊர் ஆள் ஒருவருடைய முகத்தை மறந்துவிட வேண்டும். முதல் வருடம் சுலபம். பக்கத்து வீட்டுக்காரர், பாண் கடைக்காரர், பிடிக்காத வாத்தியார் என்று கொடுத்துச் சமாளித்துவிடலாம். இரண்டாம் வருடத்தில் கொடுப்பதற்குப் பிரியமான முகங்கள்தான் மிச்சம் இருக்கும். மரின் என்ற பெண்ணிடம் மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று: கூட்டாளி ஒருத்தி, தம்பி, அம்மா.

நான் பேய்க்கதைக்குப் பயப்படுகிறவள் இல்லை. இது பேய் இல்லை, அதனால்தான் பயந்தேன். பஸ்ஸில் படித்துக்கொண்டே போய் டிக்கோயாவில் இறங்க வேண்டியவள் நோர்வூட்டில் இறங்கினேன். பின்னேரம் மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் நூலகத்துக்குள் நுழைந்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு நாள் கவுண்டரிலேயே வைத்து, மரின் தன் தம்பியின் முகத்தைக் கொடுக்கிற இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ இருமினார்கள். நான் நிமிரவில்லை. கடைசியில் குணபால அய்யே வந்து புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "நங்கி, முன்னுக்கு மூணு பேர் நிக்கிறாங்க. அவங்க முகமும் மறந்து போச்சா?"

இல்லாத புத்தகத்தின் கதை

அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோன ஒவ்வொருவரும் திரும்பி வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: முதலாம் பாகம் எங்கே? இல்லை என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். வேண்டியவர்களுக்காக உள்ளே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். இந்தச் சந்தேகத்தைத் தாங்க முடியாமல், இரண்டாம் பாகத்தில் கிடைத்த துப்புகளை வைத்து முதலாம் பாகத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஊகிக்க முடிந்ததை மட்டும் சொன்னேன். கேட்பவர்கள் கண்ணை விரித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. மரினுக்குப் போகவே இஷ்டமில்லை, அவளுடைய அம்மாதான் "போ" என்று படகில் தள்ளி ஏற்றிவிட்டார், படகு மறையும்வரை கரையில் நின்றார் என்று ஒரு காட்சியை நானே இட்டுக்கட்டினேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நல்ல பொய்.

இதற்கிடையில் டவுனில் ஆங்கில டியூஷன் நடத்தும் சேர் ஒருவர் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் வகுப்பில் வேறொரு முதலாம் பாகத்தைச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் கேட்ட மாணவிகள் ஐந்தாறு பேர் நியாயம் கேட்டு என் கவுண்டருக்கு வந்துவிட்டார்கள். எது சரி என்று நான் எப்படிச் சொல்வது? அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்து, ஒருத்தியைப் பேச விட்டார்கள். "சேர் சொல்ற மொதலாம் பாகத்துல மூணு பேர் சாகுறாங்க மிஸ். நீங்க சொல்றதுல யாருமே சாகல. அதனால நாங்க உங்களோடதையே வச்சிக்கிறோம்."

மலை ஏறிய கதை

புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போன தர்ஷினி சும்மா வாசிக்கவில்லை. அந்தி நேரத்தில் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்கு வந்து தேத்தண்ணி ஊற்றியதும், ஒவ்வொரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். முதலில் அம்மா புஷ்பராணிக்கு மட்டும். பிறகு பக்கத்துக் காம்பரா, பிறகு அந்த லயம் முழுக்க. மரின் இரண்டே நாளில் மாரி ஆகிவிட்டாள். மாரிக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்த வயதில் பெரியபிள்ளை ஆனாள் என்பதெல்லாம் கூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாக ஒரு கங்காணி நூலகத்துக்கு வந்தார். புஷ்பராணி கொழுந்து எடுக்கிற தேயிலை மலைக்குப் பொறுப்பானவர் என்று சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது, முறைப்பாடு. பெண்கள் கதை பேசிக்கொண்டு கொழுந்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, கவுண்டரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "மலையில காதுல விழுகுறது அரையும் குறையுமா இருக்குங்க மிஸ். பொம்பளைங்க கூட்டத்துல போயி நான் ஒக்காந்து கேக்கவும் ஏலாது. மாரியோட கூட்டாளிப் புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு மட்டும் சொல்லிருங்க."

நினைவூட்டல் அட்டை

ஒரு லயமே கேட்கிற புத்தகம் திகதிக்கு வருமா? வரவில்லை. பிந்திய புத்தகத்துக்கு நினைவூட்டல் அட்டை அனுப்ப வேண்டும். எங்கள் விதிப்படி அது பிணைக்கையெழுத்துப் போட்டவருக்கும் போகும். கதிரேசன் முதலாளி அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். மூச்சு வாங்க, சிறுவர் பகுதியிலிருந்த குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். நல்ல கனத்த மனிதர், ஸ்டூல் தாங்குமா என்று எனக்குக் கவலை. கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

சொன்னேன். பாறை, பல்கலைக்கழகம், மந்திரம், முகம் மறந்துபோவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நகை நிறுக்கும் போது இருப்பது போலவே, கண்ணை இமைக்காமல் கேட்டார். முடிந்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தர்ஷினிக்கு இன்னும் இரண்டு கிழமை கொடுக்கச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று கேட்டார். "மறக்கவேண்டிய மொகம் எனக்கு நெறைய இருக்கு மிஸ். அந்தக் கெம்பஸ்ல வயசாளிங்களையும் எடுப்பாங்களா?"

புஷ்பராணி அக்கா

தர்ஷினிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. கிழக்கில், மட்டக்களப்புப் பக்கம். அந்த லயத்திலிருந்து முதல் ஆள். போனில் சொன்னபோது அவளைவிட நான்தான் அதிகம் சத்தம் போட்டேன். நூலகத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் அவள் குரலில் சந்தோஷம் பாதிதான் இருந்தது. பதிவுக்கு அடுத்த புதன்கிழமை கடைசி நாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையாம், சரி என்றும் சொல்லவில்லையாம். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் அவள் படிவத்தை நிரப்பமாட்டாளாம்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தடித்த படங்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மெலிந்த ஒரு பெண் கவுண்டருக்கு முன் வந்து நின்றார். படங்கை விரித்து, அதற்குள் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த ஆந்தைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஒரு சொட்டு ஈரம் படவில்லை. அவர்தான் புஷ்பராணி. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருக்கிறதாம். மாரியிடம் இப்போது அம்மாவின் முகம் மட்டும்தான் மிச்சம், அதையும் சோதனையில் கேட்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், இதற்கு மேல் சொல்லாதே என்று மகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். "மொதலாம் பாகத்துல அந்தம்மாதானே மிஸ் புள்ளைய படகுல தள்ளி ஏத்திவிட்டுச்சு. தள்ளிவிட்டதுக்கு இப்ப அனுபவிக்குது."

யாருக்கும் கேடு வராது என்று நினைத்து விட்ட பொய் அது. இங்கே வந்து ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகத்துக்குக் குறுக்கே நிற்கிறது. "அக்கா, அது நான் இட்டுக்கட்டினது. அந்தப் பாகத்த நான் கண்ணாலயும் பார்த்ததில்ல" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அது இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும் என்று தர்ஷினி ஏற்கனவே சொல்லியிருக்கிறாளாம். கதையாக இருந்தாலும் பயம் பயம்தானே என்றார். இந்த மந்திரமெல்லாம் நிஜத்தில் இல்லை அக்கா, படிக்கப் போகிற பிள்ளை அப்படி மறந்துவிடமாட்டாள் என்றேன். அவர் ஈரமான முகத்தைப் படங்கின் நுனியால் துடைத்துக்கொண்டார். "மூத்தவனுக்கு யாரும் மந்திரம் சொல்லிக் குடுக்கல மிஸ். கொழும்புல ரொட்டிதான் தட்டுறான். அவனே மறந்துட்டான்."

கடைசி அத்தியாயம்

குணபால அய்யே இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு கருப்பட்டித் துண்டு. புஷ்பராணி அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார், கடைசியில் என்ன நடக்கிறது என்று.

நான் கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். மாரி அம்மாவின் முகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டாள், படகேறி வீட்டுக்கு வந்தாள், அம்மா கதவைத் திறந்தார், சுபம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இல்லாத பாகத்தைப் பற்றிப் பொய் சொன்னவளுக்கு இருக்கிற பாகத்தைப் பற்றிச் சொல்வதா கஷ்டம்? ஆனால் அந்த அம்மா மழையில் தான் நனைந்து புத்தகத்தை நனையவிடாமல் கொண்டுவந்து தந்திருந்தார். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை அப்படியே சொன்னேன். மரின் கொடுத்துவிடுகிறாள். சோதனையில் தேறுகிறாள். விடுமுறைக்குத் தன் ஊருக்கே வருகிறாள், தன் வீட்டைத் தாண்டியே நடந்து போகிறாள். ஜன்னலுக்குள்ளே ஒரு பெண் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள். யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மரின் போய்விடுகிறாள். அதோடு புத்தகம் முடிகிறது. மூன்றாம் பாகம் இன்னும் எழுதப்படவில்லை.

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன், புதன்கிழமை போய்விடும், தர்ஷினி நாளை முதல் அம்மாவோடு மலைக்குப் போவாள் என்றே நினைத்தேன். புஷ்பராணி அக்கா அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். எடை போடுகிற இடத்தில் கணக்கப்பிள்ளை கொழுந்தைக் குறைத்து எழுதினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் புத்தகத்தைப் பார்த்தார். "ஏன் மிஸ், அந்தம்மா எந்திரிச்சு வெளிய வரலாம்தானே? மறந்தது மாரிதானே. இவுங்க மறக்கலையே. போயி கையப் புடிச்சு, நான்தான்டி ஒங்கம்மான்னு சொன்னா என்னா? சோத்த மூடி வச்சிக்கிட்டு உள்ளுக்குள்ளயே ஒக்காந்திருந்தா?" என்று கேட்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார், மூத்தவனைப் பார்க்கத் தானும் ஒரு தடவைகூடக் கொழும்புக்குப் போனதில்லை, அவனே வருவான் என்று இருந்துவிட்டதாக.

கோப்பையை வைத்துவிட்டு, மட்டக்களப்புக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியாது. குணபால அய்யேதான் விரல் மடக்கிச் சொன்னார். தோட்டத்திலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து நேராக மட்டக்களப்பு. புஷ்பராணி அக்கா அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எழுந்து படங்கை உதறி மடித்தார். "மூணே பஸ்ஸா? கடலுக்கு நடுவுல பாறை கீறைன்னதும் நான் பயந்துட்டேன். மூணு பஸ் ஏற எனக்குத் தெரியாதா? புள்ளையப் படிவத்த நெரப்பச் சொல்லுறேன்."

பிறகு வந்த தொலைபேசி

தர்ஷினி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். எனக்குப் போன் போட்டாள். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, மூத்த மாணவர்கள் யாராவது பகிடிவதை செய்கிறார்களா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வேறு ஓர் உதவி வேண்டும் என்றாள். அம்மாவிடம் யார் சொன்னாலும் எடுபடவில்லை, நான் சொன்னால் ஒருவேளை கேட்பார் என்றாள்.

விஷயம் இதுதான். புஷ்பராணி அக்கா முதல் மாதமே ஒரு ரொட்டிப் பொதியோடு போய் விடுதி வாசலில் நின்றிருக்கிறார். மறு போயாவுக்கும், அந்தப் பௌர்ணமி லீவுக்கும் போயிருக்கிறார். விடுதிப் பொறுப்பாளருக்கு அவர் முகம் பழகிவிட்டது. காவலாளி அவரை அம்மா என்றே கூப்பிடுகிறார். நடுவில் ஒரு தடவை கொழும்புக்கும் போய், மகன் வேலை செய்கிற கடையைத் தேடிப் பிடித்து, எல்லார் முன்னாலும் அவன் காதைத் திருகியிருக்கிறார். இந்தத் தீபாவளிக்கு அவன் வருகிறானாம், வராமல் இருக்கத் துணிச்சல் இல்லையாம். அடுத்த சனிக்கிழமை அம்மா திரும்ப மட்டக்களப்புக்கு வரப் போகிறார், சோதனை நடக்கிற நேரம், கொஞ்சம் சொல்லி நிறுத்தி வையுங்கள் என்று தர்ஷினி கெஞ்சினாள். சரி சொல்கிறேன் என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல். அவளும் சிரித்துவிட்டாள். "மறக்குறதுக்கு அவுங்க எங்க மிஸ் டைம் குடுக்குறாங்க" என்றாள்.

பதினேழு வருட அனுபவத்தில் இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இருட்டும் மந்திரமுமாக அறுநூறு பக்கம் எழுதுகிறவர்கள், உட்காரும் முன் பஸ் நேரத்தை ஒரு தடவை விசாரித்திருந்தால், எங்கள் அலுமாரிகளில் பாதி இடம் மிச்சமாகியிருக்கும்.